நீர்யானை திரும்பிப் பார்த்தது

அந்த எண்ணெய் டப்பாவைத் திருப்பி வைத்தது யார் என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதுவும் பாதி காலியான டப்பா. இதற்காக ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்களா என்று கேட்டால், இருப்பார்கள். உங்கள் வீட்டில் இதைவிட அற்பமான காரணத்துக்கு நடந்திருக்கும். நீங்கள் வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

சேத்தண்ணன் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயரல்ல, பார்வையாளர்கள் வைத்தது. 'சேறும் நாங்களும்' என்று ஒரு வீடியோ சேனல் நடத்திவந்தார். ஒரு கிழட்டு டிராக்டர், கொஞ்சம் நிலம், சில கோழிகள், எதற்கும் ஒத்துழைக்காத ஒரு தண்ணீர் மோட்டார், இவைதான் அதில் நட்சத்திரங்கள். வாரம் ஒருமுறை எதையாவது உழுவார், எதையாவது உடைப்பார், உடைத்ததைத் திட்டிக்கொண்டே சரிசெய்வார். இதைப் போய் யார் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நிலத்தில் உழைக்க ஆசைப்படுகிறவர்கள் உலகத்தில் ஏராளம்.

படம் பிடிப்பது அவர் மனைவி. அவள் முகத்தை எந்த வீடியோவிலும் யாரும் பார்த்ததில்லை. போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் சொல்வதற்கெல்லாம் "ம்" என்பாள். அவளுடைய மொத்த வசனமும் அதுதான். "இந்த போல்ட் இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்" என்று அவர் சொல்வார். "ம்" என்பாள். போன வருஷமும் இதைத்தான் சொன்னீர்கள், ஆனாலும் நம்புகிறேன் என்று அதற்கு அர்த்தம். ஜனங்கள் பாதிப்பேர் அந்த ம்முக்காகவே பார்த்தார்கள். அவளுக்குக் கேமரா அண்ணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அண்ணி என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

அவர்களைப் பற்றி இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். சேத்தண்ணனுக்கு அடிபட்டால் "ஐயோ" வராது, "அம்மா" வராது. "உன் தம்பி உருப்படவே மாட்டான்!" என்றுதான் வரும். சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தாலும் அதுதான், நிலைப்படியில் தலை இடித்தாலும் அதுதான். கல்யாணத்தன்று அந்த மச்சான் பின்பக்கமாக எடுத்த வண்டி மாப்பிள்ளையின் கால்மீது ஏறியது. அன்றைக்கு வாயில் வந்தது அப்படியே தங்கிவிட்டது. அண்ணி அந்த இடங்களை எல்லாம் வெட்டிவிட்டுத்தான் வீடியோவைப் போடுவாள். தம்பியும் பார்க்கிறான் அல்லவா.

இப்போது டப்பாவுக்கு வருவோம். டிராக்டரின் ஹைட்ராலிக்கில் ஒழுக்கு. பின்னால் கலப்பையைத் தூக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாகக் கீழே இறங்கிவிடும். அவ்வப்போது எண்ணெய் ஊற்ற வேண்டும். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த டப்பாவைக் கேட்டு வாங்கிவந்தார். அதில் ஒரு நீர்யானை வாயை முழுதாகத் திறந்து, அத்தனை பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. எண்ணெய்க்கும் நீர்யானைக்கும் என்ன உறவு என்று கம்பெனிக்காரனைத்தான் கேட்க வேண்டும். டப்பாவை மட்கார்டின்மேல் வைத்தது அண்ணி. அந்த இளிப்பு அவளுக்குப் பிடிக்காததால் படத்தை சீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படம்பிடிக்கப் போனாள்.

வீடியோ வெளிவந்த அன்றே ஒருவர் கீழே எழுதியிருந்தார். "ஆரம்பத்தில் டப்பா முதுகைக் காட்டுகிறது. கடைசியில் முகத்தைக் காட்டுகிறது. நடுவில் திருப்பியது யார்? நீர்யானைக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது, அண்ணே?" அதற்குக் கீழே ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். இத்தனை காலமாக நம் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார் என்றார் ஒருவர். அந்தச் சேறே நிஜச் சேறா என்று விசாரிக்கவேண்டும் என்றார் இன்னொருவர்.

சேத்தண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். போனை அண்ணியிடம் நீட்டினார். அவள் சிரிக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"திருப்பினது நீங்கதானே?"

"எத?"

"நடிக்காதீங்க. டப்பாவ."

"நான் எதுக்குத் திருப்பறேன்?"

"நான் சீட்டுப் பக்கம் பார்க்க வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நிலத்துல இருந்தது நீங்களும் நானும். கோழியா வந்து திருப்பிச்சு?"

"அப்ப நீதான் திருப்பியிருக்கணும்" என்றார் சேத்தண்ணன்.

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "காசு வாங்கினீங்களான்னு ஊரே கேக்குது. நான் அதக்கூடக் கேக்கல. வாங்கினத எங்கிட்ட ஏன் மறைச்சீங்கன்னுதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவர் வாங்கவில்லை. சத்தியமாக வாங்கவில்லை. அதனால்தான் அவருக்கும் சந்தேகம் பிறந்தது. தான் திருப்பவில்லை என்றால் அவள்தானே திருப்பியிருக்க வேண்டும்? அவள் எதற்குத் திருப்பினாள், யார் சொல்லித் திருப்பினாள்? சமையலறையில் புது வடிகட்டி ஒன்று தொங்கியது. இது எப்போது வாங்கியது என்று யோசித்தார். அவரது பூட்ஸில் கயிறு புதிதாக இருப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் போடாத சண்டை இல்லை. ஆனால் நீ பொய் சொல்கிறாய் என்று ஒருவரை ஒருவர் சொல்லிக்கொண்டது கிடையாது. இப்போதும் சொல்லவில்லைதான். வடிகட்டியையும் கயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அண்ணி படம்பிடிக்க வந்தாள். வேலை என்றால் வேலை, அதில் அவள் குறைவைக்க மாட்டாள். "இந்த பெல்ட் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்று சேத்தண்ணன் சொல்லிவிட்டு நிறுத்தினார். ம் வரவில்லை. ஒரு கோழி கொக்கரித்தது. மறுபடி சொன்னார். வரவில்லை. அன்றைக்கு அவர் கீழே வைத்த ஸ்பானரையே தேடிக்கொண்டு அரைமணி நேரம் சுற்றினார். "அண்ணிக்கே நம்பிக்கை போய்விட்டது" என்று ஜனங்கள் கீழே எழுதினார்கள். அதை அவர் இரண்டு தடவை படித்தார். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், இவள் நம்பாமல் எப்படி ஒரே வீட்டில் இருப்பது?

வழி சொன்னது மச்சான். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறவன், உலக நடப்பு தெரிந்தவன்.

"மாமா, மெய்மைச் சான்று மன்றம்னு ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி நிலம், டிராக்டர், மாடுன்னு வீடியோ போடறவங்க எல்லாரும் அங்கதான் போறாங்க. 'இவர் எவன்கிட்டயும் காசு வாங்கல, எல்லாம் அசல்'னு சான்று கொடுப்பாங்க."

"அதுக்குக் காசு வாங்குவாங்களா?"

"பின்ன? சும்மா கொடுத்தா யார் நம்புவா?"

சேத்தண்ணன் அண்ணியைப் பார்த்தார். "சான்று வாங்கிட்டு வந்தா நம்புவியா?" என்றார்.  புறப்படும்போது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். இவர் அங்கே போய் என்ன பேசுகிறார் என்று பார்க்கவேண்டாமா?

மன்றம் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் இருந்தது. வாசலில் ஒரு தட்டில் சேறு வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் அதை மிதித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

"எங்கால்ல ஏற்கனவே சேறு இருக்கு" என்றார் சேத்தண்ணன்.

வரவேற்பாளர் எட்டிப் பார்த்தார். "அது செல்லாதுங்க. பதிவு செய்யாத சேறு. முதல்ல அதக் கழுவிட்டு வந்துடுங்க."

கழுவிவிட்டு வந்து மிதித்தார். தட்டின் விளிம்பில் ஒரு தண்ணீர்க் குழாய்க் கம்பெனியின் பெயர் இருந்தது. உள்ளே சுவர் முழுக்கத் தங்க நிறச் சட்டம் போட்ட படங்கள். உடைந்த அச்சு, வெடித்த டயர், பள்ளத்தில் கவிழ்ந்த டிரெய்லர். ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த விபத்தை வழங்கிய கம்பெனியின் பெயர். உட்கார்ந்த நாற்காலியின் முதுகில் ஒரு கம்பெனி, குடிக்கக் கொடுத்த தண்ணீரில் ஒரு கம்பெனி, கைகழுவும் இடத்துக் கண்ணாடியிலும் ஒரு கம்பெனி. அண்ணி அத்தனையையும் படித்துக்கொண்டே வந்தாள்.  புருவம் ஏறிக்கொண்டே போனது.

தலைவர் வந்தார். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. முழங்கை அருகே அழகாக வெட்டி, மூடிக்கொள்ளாதபடி விளிம்பு தைத்த ஒரு கிழிசல். புதிதாகச் சான்றுக்கு வந்திருந்த ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து வரவேற்புரை ஆற்றினார்.

"நண்பர்களே! இன்று உலகத்தில் பொய் மலிந்துவிட்டது. விலை சரிந்துவிட்டது. ஆகவே உண்மைக்கு நல்ல கிராக்கி. இந்த நேரத்தில் உண்மையைச் சும்மா கொடுப்பவன் முட்டாள். எங்கள் மன்றம் யாரிடமும் கைநீட்டுவதில்லை. அவர்களாக வந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒரு கம்பெனியிடம் வாங்கினால் அது பாரபட்சம். நாங்கள் எல்லாக் கம்பெனியிடமும் வாங்குகிறோம். இதைவிட நடுநிலை வேறென்ன இருக்கமுடியும்? இதோ இந்த ஒலிபெருக்கி, இந்த மேடை, இப்போது நான் விடப்போகும் இந்தப் பெருமூச்சு..." பெருமூச்சு விட்டார். "...எல்லாம் ஒரு டிராக்டர் கம்பெனியின் ஆதரவில். அதை நான் மறைக்கிறேனா? இல்லை. அதுதான் நேர்மை."

எல்லாரும் கைதட்டினார்கள். சேத்தண்ணனும் தட்டினார். தட்டாவிட்டால் சந்தேகப்படுவார்களோ என்று பயம்.

பிறகு சோதனைகள். சோதகர் என்று ஒருவர் வந்தார். மெலிந்த, எதையும் நம்பாத கண்ணுள்ள மனிதர். சேத்தண்ணனின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ப்பு இருக்கிறது, ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றார். மன்றத்தின் வரைபடத்தில் காய்ப்பு விரலுக்கு அடியில் இருந்தது, இவருக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது.

"நான் இடதுகைக்காரங்க."

"அத முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்றார் சோதகர்.

அடுத்து அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அந்த 'ம்' சொல்றவங்களா? எங்க, ஒரு தடவ சொல்லுங்க. தானா வர்ற மாதிரி."

"வரல" என்றாள் அண்ணி.

"வரலையா, வராதா?"

"தானா வந்தாத்தான் தானா வர்றது. நீங்க கேட்டா எப்படி வரும்?"

சோதகர் அதைக் குறித்துக்கொண்டார். அவளுடைய பழைய ம்களை எல்லாம் ஒரு கருவியில் போட்டு அலசியதில் எதுவுமே ஒன்றுபோல் இல்லை என்றும், அசலான ம் என்றால் எப்போதும் ஒரே மாதிரி இருந்திருக்கும் என்றும் சொன்னார். வேண்டுமானால் மன்றத்திலேயே சான்று பெற்ற ம்கள் வாடகைக்கு உண்டு என்றார்.

இதற்குமேல் முக்கியமான விதி ஒன்று இருந்தது. சான்று வேண்டுமென்றால் மாதம் ஒரு திடீர் விபத்தாவது நடக்கவேண்டும். எதுவும் உடையாத பண்ணையை யார் நம்புவார்கள்? ஆனால் அந்தத் திடீர் விபத்தை முன்கூட்டியே மன்றத்துக்குத் தெரிவித்து அனுமதி பெறவேண்டும்.

"முன்னாடியே சொல்லிட்டா அது எப்படிங்க திடீர்?" என்றார் சேத்தண்ணன்.

சோதகர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சொல்லாம நடந்தா, அது திடீர்னு நடந்துச்சா இல்ல நீங்க ஏற்பாடு பண்ணீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கான பதிலை அவர் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்.  கடைசியில் இருப்பதிலேயே சின்னதாக, ஃபேன் பெல்ட் அறுவது என்று முடிவாயிற்று. அது அறுகிறபோது அவர் "ஐயோ அம்மா!" என்று கத்தவேண்டும். அந்தக் கூச்சலுக்கு ஏற்கனவே அனுமதி இருக்கிறது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம் என்றார்கள். சோதகர் நேரில் வந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் சான்று.

போகும்போது டிராக்டரில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். 'இந்த டிராக்டரில் விளம்பரத்துக்கு இடமில்லை' என்று பொடி எழுத்தில் இருந்தது. அதன் கீழே, இந்தச் செய்தியை வழங்குகிறவர்கள் என்று ஒரு டஜன் கம்பெனிகளின் சின்னங்கள். வீட்டுக்கு வந்து ஒட்டியபோது பானெட் முழுதும் மறைந்துவிட்டது. உண்மையிலேயே விளம்பரத்துக்கு இடமில்லைதான்.

திரும்பி வரும் வழியில் அண்ணி வாயைத் திறந்தாள். "அந்த ஆளுங்க கொடுக்கற பேப்பர வச்சு நான் உங்கள நம்பணுமா?"

"வேற என்னதான் செய்யச் சொல்ற?"

"எனக்குத் தெரியல" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நம்பத்தான் ஆசையா இருக்கு. ஆனா டப்பாவ நான்தானே வச்சேன்."

அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருப்பவில்லையே. பாக்கி தூரம் முழுக்க இருவரும் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

சோதனை நாள் வந்தது. சோதகர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, கையில் ஒரு டேப்லட்டுடன் வரப்பில் நின்றார். வந்த உடனே மட்கார்டின்மேல் இருந்த நீர்யானை டப்பாவைப் பார்த்தார்.

"இதுதான் அந்த டப்பாவா? சம்பவம் நடந்த பொருள அகற்றக்கூடாது. இருந்த மாதிரியே இருக்கட்டும். படம் மட்டும் உள்பக்கம் பார்க்கட்டும்."

அண்ணி டப்பாவை சீட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். இந்த முறை சோதகரின் கண்ணெதிரே, சேத்தண்ணனின் கண்ணெதிரே, அழுத்தி வைத்தாள். வைத்துவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். இப்ப திருப்பு பார்க்கலாம் என்பது மாதிரி. பிறகு வரப்புக்குப் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

சேத்தண்ணன் உழ ஆரம்பித்தார். ரெண்டு சால் போனதும் கலப்பையில் களைக்கொடி சுற்றிக்கொண்டது. வழக்கமாக நடப்பதுதான். கலப்பையைத் தூக்கி நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, இறங்கிப் பின்னால் போய்க் கொடியைப் பிடுங்க ஆரம்பித்தார். பெல்ட் அறுவது தேநீருக்குப் பிறகுதான், இன்னும் நேரம் இருக்கிறது. சான்று கிடைக்குமா, கிடைத்தாலும் அவள் நம்புவாளா என்று யோசித்துக்கொண்டே பிடுங்கினார். ஒழுக்கு இருக்கிற ஹைட்ராலிக்குக்குக் கீழே காலை வைக்கக்கூடாது என்று அவரே வீடியோவில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். வைத்தார்.

கலப்பை இறங்கிவிட்டது. இரும்புச் சட்டம் அவருடைய வலது பூட்ஸைச் சேற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டது. மல்லாந்து விழுந்தார்.

இப்போது பாருங்கள் மனித மனசை. வலி உயிர் போகிறது. ஆனால் வரப்பில் சோதகர் நிற்பது ஞாபகம் வந்து, சான்று கெட்டுவிடக்கூடாதே என்று வாய் தானாக "ஐயோ அம்மா!" என்றது.

அண்ணி போனை இறக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. பெல்ட் என்றுதானே சொன்னார்கள்? எனக்குச் சொல்லாமல் இதையும் மாற்றிவிட்டார்களா? இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாமல் பேசிவைத்திருக்கிறார்?

"ஐயோ அம்மா! கால் மாட்டிக்கிச்சு!"

சோதகர் டேப்லட்டைத் தட்டினார். "கூச்சல் சரியாத்தான் இருக்கு. ஆனா விபத்து வேற. கால் மாட்டுறது இன்னைக்கு இல்லீங்களே! அதுக்குத் தனி அனுமதி. கட்டணமும் தனி."

"எஞ்சின் ஓடுது, யாராவது கலப்பையத் தூக்கற லிவர இழுங்க!"

"கொஞ்சம் மிகையா இருக்கு" என்றார் சோதகர், அண்ணியிடம். "நீங்க நிறுத்தாதீங்க, எடுங்க."

அண்ணி எடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.  நிஜமா, பொய்யா? டப்பா விவகாரத்துக்கு முன்னால் என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, ஓடியிருப்பாள். இப்போது போனின் சின்னத் திரைக்குள் அவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டின புருஷனின் முகத்தில் பொய் இருக்கிறதா என்று திரையில் தேடினாள்.

அந்த நேரத்தில் ஒழுக்கின் பாக்கியும் இறங்கியது. சட்டம் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. சேத்தண்ணனுக்குச் சான்று மறந்தது, சோதகர் மறந்தது, மன்றம் மறந்தது. வயிற்றின் அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"உன் தம்பி உருப்படவே மாட்டாண்டீ!"

போன் எங்கே விழுந்தது என்று அண்ணிக்குத் தெரியாது. வரப்பிலிருந்து குதித்தாள். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று, இன்னொன்றை அவளே உதறினாள். டிராக்டரில் ஏறி, லிவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு தொங்கினாள். கலப்பை முனகிக்கொண்டு எழுந்தது. "காலை இழுங்க! மறுபடி இறங்கிடும், இழுங்க!" என்று கத்தினாள். அவர் பூட்ஸை விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவிக்கொண்டார். அவள் இறங்கி ஓடிவந்து, அவர் அக்குளில் கைகொடுத்துத் தள்ளி இழுத்துக்கொண்டு போய், சேற்றிலேயே உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். வீங்கியிருந்தது, உடையவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு? 'ஐயோ அம்மா'ன்னா எனக்கு எப்படித் தெரியும்? மொதல்லயே என் தம்பியத் திட்டித் தொலைக்க வேண்டியதுதானே!" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

அவர் மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய். அங்க பாரு."

"என்ன?"

"பேசாதே. டப்பாவப் பாரு."

எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மட்கார்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் டப்பாவும் நடுங்கிக்கொண்டிருந்தது. சீட்டுப் பக்கம் பார்த்து அழுத்தி வைத்த நீர்யானை, ஒரு காது தெரிய, பிறகு ஒரு கண் தெரிய, மெல்ல, மிக மெல்ல, தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது. முழுசாக வெளிப்பக்கம் வந்ததும் டப்பாவின் கைப்பிடி, மட்கார்டு விளக்கின் போல்ட்டில் முட்டியது. நின்றது. அத்தனை பல்லையும் காட்டி அவர்களைப் பார்த்து இளித்தது.

இருவரும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"சார்!" என்று சேத்தண்ணன் அலறினார். "சார், பார்த்தீங்களா? தானாத் திரும்புது! எஞ்சின் அதிர்வுல தானாத் திரும்புது சார்!"

சோதகர் டேப்லட்டிலிருந்து தலையைத் தூக்கினார். டப்பாவைப் பார்த்தார். "நான் பார்க்கும்போது அது சும்மாதான் இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அப்படியே தானாத் திரும்பிச்சுன்னாலும், யாரும் கேக்காமலே விளம்பரம் பண்ணுதுன்னா, அது இன்னும் பெரிய குற்றம்."

முடிவைச் சொல்ல மன்றத்துக்கு வரச்சொன்னார்கள். சேத்தண்ணன் கட்டுப்போட்ட காலோடு போனார். போகாமலே இருந்திருக்கலாம், ஆனால் அண்ணிதான் போவோம் என்றாள். "பார்த்துட்டு வருவோமே" என்றாள். அவள் குரலில் பழைய குறும்பு கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

தலைவர் வீடியோவைப் போட்டுக்காட்டினார். அண்ணி கைவிட்ட போன் புல்லில் மல்லாந்து விழுந்திருந்தது. திரை முழுக்க வானம். ஓரத்தில் ரெண்டு புல். சத்தம் மட்டும் கேட்டது. கத்தல், அழுகை, எஞ்சின், "டப்பாவப் பாரு".

"இதில் டிராக்டர் எங்கே? விவசாயி எங்கே? விபத்து எங்கே?" என்றார் தலைவர். "எங்கள் அனுபவத்தில், உண்மையான விபத்து ஒன்றைக்கூட யாரும் படம்பிடிக்காமல் விட்டதில்லை. கேமராவைக் கீழே போட்டிருக்கிறீர்கள் என்றால் மறைக்க ஏதோ இருந்திருக்கிறது. அதோடு அனுமதி பெறாத கூச்சல். யாரோ ஒரு தம்பி உருப்படமாட்டான் என்று. இது தனிநபர் தாக்குதல். சான்று தருவதற்கில்லை."

சேத்தண்ணன் எழுந்தார். அவருக்கு வருத்தமே வராதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"உட்காருங்கள், உட்காருங்கள்" என்றார் தலைவர். குரல் வெண்ணெயாகிவிட்டது. "மன்றம் யாரையும் கைவிடுவதில்லை. நல்ல சேதி ஒன்று உண்டு." மேஜைமேல் ஒரு கோப்பையை நகர்த்தி வைத்தார். கோப்பையில் நீர்யானை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. "நேற்று முதல் இவர்களும் மெய்மையின் தோழர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே இனி சான்று கேட்கும் எல்லா டிராக்டரிலும் அந்த டப்பா கட்டாயம். படம் கேமராவைப் பார்க்கவேண்டும். உங்களுடையதுதான் தானாகவே பார்க்கிறதே! இதைவிட அசலாக யாரால் செய்யமுடியும்? ஒரே ஒரு கையெழுத்து போதும்."

சேத்தண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கோப்பையைப் பார்த்தாள், தலைவரின் முழங்கைக் கிழிசலைப் பார்த்தாள்.

"தையல் பிரிஞ்சிருக்குங்க" என்றாள். "கிழிசல் ஒட்டிக்கப்போகுது."

தலைவர் பதறிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். வாசலில் அந்தச் சேற்றுத் தட்டைச் சுற்றிக்கொண்டு, கழுவாத காலோடு நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சேத்தண்ணன் முதல் காரியமாக அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். பாதிதான் வந்தது. பிறகு டிராக்டரை முடுக்கினார். கால் வலிக்கிறதே, இப்போது எதற்கு என்று அண்ணி கேட்கவில்லை. அவளே போய் டப்பாவை எடுத்து, நீர்யானையை சீட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். இருவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பார்த்தார்கள். டீசல் வீணாகிக்கொண்டிருந்தது. காது வந்தது, கண் வந்தது, பல் வந்தது. அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எழுந்துபோய் மறுபடி திருப்பி வைத்தாள். அது மறுபடி வந்தது.

"இதப் படம்பிடிச்சுப் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே" என்றார் அவர்.

"உள்ள கயிறு கட்டியிருக்கீங்கன்னு சொல்லுவாங்க."

அது உண்மைதான். காந்தம் என்றும் சொல்வார்கள். அண்ணியின் போன் அவள் பக்கத்தில் கவிழ்ந்தே கிடந்தது. சேத்தண்ணன் வீங்கின காலை நீட்டிக்கொண்டார். டப்பாவைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் எவன்கிட்டயும் எதுவும் வாங்கல. இப்ப நம்பறியா?"

"ம்" என்றாள் அண்ணி.